அம்மாயிக்கு யார் படிப்பது?

எங்கள் வெள்ளித்திரை இரண்டு எட்டு முழ வேட்டி. கரையை வெட்டிவிட்டு நீளவாக்கில் சேர்த்துத் தைத்தது. தையல் திரையின் நட்ட நடுவில் ஓடுவதால், முகத்தை நெருக்கத்தில் காட்டும்போதெல்லாம் சரியாக மூக்கின் மேல் விழும். சுவீடன் இயக்குநர் பெர்க்மனின் 'பெர்சோனா' போட்ட அன்று படம் முழுக்க இரண்டு பெண்களுக்கும் மூக்கில் தழும்பு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோவைக்குள் நுழைந்ததும் நேரே எங்கள் மொட்டைமாடிக்குத்தான் வரும் போலிருக்கிறது. திரை வயிறு உப்பும், ஒட்டும், மறுபடி உப்பும். மற்ற படங்களுக்கு அது தொந்தரவு. பேய்ப்படத்துக்குக் கூடுதல் வசதி.

மாதம் ஒரு சனிக்கிழமை, ஒன்பது பேர். சங்கம், கழகம் என்று பெயரெல்லாம் வைக்கவில்லை. ஒருவர் பம்ப்செட் கம்பெனியில் வேலை, ஒருவர் நூல் மில்லில் கணக்கு, ஒரு பெண் பல் மருத்துவம் படிக்கிறார், பள்ளி ஆசிரியர்களான ஒரு கணவன் மனைவி, மற்றவர்களும் இப்படித்தான். புரொஜக்டர் ஒரு டியூஷன் சென்டரை மூடியபோது செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. நொறுக்குத் தீனிக்கு முக்கு கடைக் காளான், பத்து மணிக்கு மேல் சுக்குக் காப்பி.

படம் பார்ப்பதில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. என்ன படம் என்பதில்தான் எல்லாச் சண்டையும். ஆரம்பத்தில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சிக்கு உலக சினிமா. ஈரான், ஹங்கேரி, தைவான் என்று எங்கிருந்து வந்தாலும் சரி, ஒரு ஆள் ஐந்து நிமிடம் நடந்துகொண்டே இருந்தால் அவர்களுக்குக் கண் கலங்கிவிடும். இன்னொரு கட்சிக்குப் பேய். சின்ன வயதில் தெருவில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்ட காலத்து ஆட்கள். கடைசிப் படமாக 'ஈவில் டெட்' ஓடும்போது போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தவர்கள். தியேட்டரில் இந்தப் படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பரிசு என்ற வதந்தியை அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரும் தன் ஊர்த் தியேட்டரின் பெயரில்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பரிசு வாங்கியவரை யாரும் பார்த்ததில்லை. செத்துப்போனவரின் சொந்தக்காரர் மட்டும் எல்லா ஊரிலும் இருந்தார்.

முதலில் ஓட்டெடுப்பு வைத்துப் பார்த்தோம். எல்லோருடைய இரண்டாவது விருப்பம் ஜெயிக்கும்; அதை யாருமே உண்மையில் பார்க்க விரும்பியிருக்க மாட்டார்கள். அப்புறம் எவர்சில்வர் டம்ளரில் சீட்டுக் குலுக்கினோம். அதிலும் ஒரு மாதம் பேய்க்காரர்கள் தூங்கினார்கள், மறு மாதம் கலைக்காரர்கள் ஃபோனை நோண்டினார்கள். ஆசிரியைதான் வழி சொன்னார்: "ரெண்டையும் ஒண்ணாக்கிருங்க. வெளிநாடாவும் இருக்கணும், பேயாவும் இருக்கணும்." சமாதான உடன்படிக்கையாக ஆரம்பித்தது அப்படியே வழக்கமாகிவிட்டது. டம்ளரில் கொரியா, ஜப்பான், சுவீடன், மெக்சிகோ என்று சீட்டுகள் நிறைந்தன. கூடவே மூன்று விதிகள். படத்தைத் தேர்ந்தெடுத்தவர் நடுவில் "இனிமேதான் நல்லா இருக்கும்" என்று சொல்லக் கூடாது. முடிவைத் தெரிந்தவர் மூச்சை இழுத்துக் காட்டிக்கொடுக்கக் கூடாது. மூன்றாவது, கடைசி டவுன் பஸ்.

மூன்றாவது விதிதான் நிஜமான தணிக்கை வாரியம். 84 நிமிடம் ஓடுகிற 'அண்டர் த ஷேடோ' எந்த எதிர்ப்பும் இல்லாமல் தேர்வானதற்கு அதன் நீளம்தான் காரணம். 1988இல் டெஹ்ரான் மீது ஏவுகணைகள் விழுந்த நாட்களில் நடக்கிற கதை. தாயும் சின்ன மகளும், விரிசல் விட்ட ஒரு அடுக்குமாடி வீடு, ஜன்னல் கண்ணாடி சிதறாமலிருக்க ஒட்டிய டேப். ஜின் என்கிற ஆவியைப் பார்த்துப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் தெருவுக்கு ஓடுகிறாள் தாய். தலையில் துணி இல்லை என்று அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பேய்க் கட்சி, கலைக் கட்சி இரண்டும் அன்று வாயடைத்துப் போயின.

ஆனால் நான் எழுத வந்தது அம்மாயியைப் பற்றி.

மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரர். எழுபதைத் தாண்டியவர். கொங்குப் பக்கம் அம்மாவின் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் எல்லோரும் அவரை அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம். 'ரிங்கு' என்ற ஜப்பானியப் பேய்ப்படம் போட்ட இரவு, சத்தம் அதிகமென்று சொல்ல மேலே ஏறி வந்தார். வந்தவர் முட்டி வலிக்கு ஒரு நிமிடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன கண்ணு பேசிக்கறாங்க?"

பக்கத்தில் இருந்தவன் நான். ஜப்பான் மொழி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்து எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். மெல்லத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

அன்று ஒரு கோளாறு இருந்தது. சப்டைட்டில் ஆறு விநாடி முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. படம் தொடங்கியதிலிருந்தே எங்களுக்குத் தெரியும், "போகப் போகச் சரியாயிரும்" என்று விட்டுவிட்டோம். தானாகச் சரியாகிற சப்டைட்டிலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்தக் கதையில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் ஃபோன் அடிக்கும், ஏழு நாளில் சாவு. மாடியில் என்ன நடந்ததென்றால், நான் அம்மாயியின் காதருகே "ஹலோ" என்றேன். ஆறு விநாடி நிசப்தம். அப்புறம் ஃபோன் அடித்தது.

பம்ப்செட்காரர் கையிலிருந்த காளான் தட்டு எங்கே போனதென்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

அதன் பிறகு லேப்டாப்பில் சரிசெய்தோம். வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் என்று இரண்டு பொத்தான்கள், ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி நகரும். ஆறு விநாடிக்கு 120 தட்டு. பல் டாக்டர் தலையைக் குனிந்து எண்ணிக்கொண்டே தட்டினார். அவர் கேசட்டைக் கையால் தொட்டதே இல்லையாம். கேசட்டை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பிக்கலாம் என்ற விஷயத்தை நான் அம்மாயிக்கு விளக்கத் திணறியபோது அவரே முடித்தார்: "காயிதம் வருமே கண்ணு, இத்தன பேருக்கு எழுதிப் போடலீன்னா ரத்தங் கக்கிச் சாவேன்னு... அந்த மாதிரிதான?"

அந்த மாதிரியேதான். அஞ்சலட்டையில் வருமே, சாமி பெயர் போட்டு. பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கிழித்துப் போடுவார்கள், மீதிப் பேர் கிழித்தவர்களைச் சிரித்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவார்கள். 1998இல் வந்த அந்தப் படத்தை நான் நாலு முறை பார்த்திருக்கிறேன். நாலு முறையும் இது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு கிணறு வந்தது. மாடியில் யாரும் அசையவில்லை. நான் வாசிக்க வேண்டியதும் அங்கே ஒன்றுமில்லை. அம்மாயி திரையைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "எங்கூர்ல நாலு கெணறு. நாலுலயும் ஆளுக்கொருத்தி இருக்கா."

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் மேலே சொல்லவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து அந்தக் கிணற்றுப் பெண்ணின் பேய் தவழ்ந்து வெளியே வந்தபோது மட்டும், "கால் இருக்குதா பாரு" என்றார். ஜப்பானியப் பழைய ஓவியங்களில் பேய்க்குக் கால் இருக்காது. வெள்ளை உடை, அவிழ்ந்த கூந்தல், இடுப்புக்குக் கீழே புகை மாதிரி முடிந்துவிடும். நம் ஊரிலும் பேயைக் கண்டுபிடிக்கக் காலைத்தான் பார்க்கச் சொல்வார்கள். நளவெண்பாவில் தமயந்தி தேவர்களுக்கு நடுவில் நளனை அடையாளம் கண்டதிலும் தரையில் தோய்ந்த பாதத்துக்குப் பங்கு உண்டு. ஆக, சாமிக்கும் பேய்க்கும் தரை ஆகாது. அந்தப் படத்தில் பெண்ணின் நடை அவ்வளவு விபரீதமாக இருப்பதற்கும் காலில்தான் சூட்சுமம். நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்து எடுத்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் அம்மாயி கூப்பிடாமலே வந்தார். அவருக்கு முன் வரிசையில் நாற்காலி, அவருக்குப் பக்கத்தில் எனக்கு.

சப்டைட்டிலைச் சொந்த மொழியில் வாய்விட்டுச் சொல்வது மொழிபெயர்ப்பு இல்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு யோசிக்க நேரம் உண்டு. இது ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது. இரண்டு வரியைப் பார்த்து, ஒரு வரியை விழுங்கி, மிச்சத்தைச் சொல்லி முடிக்கும்போது அடுத்த இரண்டு வரி வந்து நிற்கும். முதல் மாதங்களில் ஒரு வார்த்தை விடாமல் சொல்லப் போய்த் தடுமாறினேன். "நான் உன்னை மறுபடி அழைக்கிறேன்" என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். எந்தத் தமிழன் அப்படிப் பேசுகிறான்? "அப்புறம் கூப்பிடறேங்கறான்" என்பதற்கு வந்து சேர நாலு படம் ஆயிற்று. பெயர்கள் அடுத்த தொல்லை. அம்மாயிக்குக் கொரியப் பெயர் எதுவும் நிற்கவில்லை. அவரே போலீஸ்காரன், மாமியாக்காரி, செவப்புச் சட்டை என்று வைத்துக்கொள்வார். இரண்டாவது அரை மணியில் நாங்கள் எல்லோருமே அந்தப் பெயர்களுக்கு மாறியிருப்போம்.

ஒரு முறை கலைக் கட்சி பழைய பாசத்தில் விதியை மீறி இயக்குநர் ரோமரின் 'மை நைட் அட் மாட்ஸ்' படத்தைக் கொண்டுவந்தது. 1969 பிரெஞ்சுப் படம். அருமையான படம்தான், ஆனால் அதில் மனிதர்கள் வாயை மூடுவதே இல்லை. கடவுள் இருக்கிறாரா என்பதற்கு அந்தக் காலக் கணித மேதை பாஸ்கல் போட்ட பந்தயக் கணக்கைப் பற்றி நீளமாகப் பேசுகிறார்கள். நிகழ்தகவு, முடிவிலி என்று நான் மூச்சு வாங்கினேன். அம்மாயி கையமர்த்தினார். "கும்பிட்டு வெச்சா நட்டமில்லீங்கறான். அவ்வளவுதான?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். எனக்கு மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பேய்ப்படத்தில் முக்கியமான இடம் வரும்போது சப்டைட்டில் நின்றுவிடும். கதவு திறக்கும், படிக்கட்டில் யாரோ நடப்பார்கள், கீழே எழுத்தே இருக்காது. அந்த இரண்டு மூன்று நிமிடம் ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் ஒன்று. நான் வாயை மூடிக்கொள்வேன். அம்மாயி என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்த வேலை புதிதொன்றுமில்லை. பேசாப்படக் காலத்தில் ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதற்கென்றே பென்ஷி என்ற கலைஞர்கள் இருந்தார்கள். எந்த பென்ஷி சொல்கிறார் என்பதற்காகவே படத்துக்குப் போனவர்கள் உண்டு. இயக்குநர் அகிரா குரோசவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. பேசும்படம் வந்து அந்தத் தொழிலையே முடித்துவைத்தது. தமிழ்நாட்டிலும் பேசாப்படங்களுக்கு ஆள் நின்று கதை சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மாடியிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரத்தில் போய்விடலாம், வெரைட்டி ஹால் ரோட்டுக்கு. ரயில்வே வேலையை விட்டுவிட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்ட சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கட்டிய தியேட்டரின் பெயர்தான் அந்தத் தெருவுக்கு. அந்தக் கொட்டகைகளில் நின்று கதை சொன்னவர்களுக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்தார்கள் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்கு உபயோகமாக இருக்கும்.

வாசிக்க ஆரம்பித்த பிறகு சப்டைட்டில் மேல் சந்தேகமும் வந்தது. 'லெட் த ரைட் ஒன் இன்' என்ற சுவீடன் படம், 2008இல் வந்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் பக்கத்து வீட்டுக்கு வந்த இரத்தக் காட்டேரிக்கும் நட்பு. அதை அமெரிக்காவில் டிவிடியாகப் போட்டபோது தியேட்டரில் இருந்த சப்டைட்டிலை எடுத்துவிட்டு, பாதி வசனத்தைச் சுருக்கி, சப்பென்று வேறொன்றைப் போட்டுவிட்டார்கள். ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சண்டை போட்ட பிறகு, அடுத்து வந்த டிவிடிகளில் பழையதே திரும்பி வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சப்டைட்டிலையும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். நான் அம்மாயிக்குச் சொல்வது நகலின் நகல். முதல் நகலே சொத்தையாக இருந்தால் அவருக்கு என்ன போய்ச் சேரும்?

இனி 'த வெய்லிங்'. பார்க்காதவர்கள் அடுத்த நாலு பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

156 நிமிடம் என்பதால் மூன்று முறை டம்ளரிலிருந்து எடுத்து மறுபடி உள்ளே போட்ட சீட்டு. கடைசியில் எல்லோரும் வண்டியில் வருவதாக ஒத்துக்கொண்டதால் தேர்வானது. தென்கொரியக் கிராமம் ஒன்றில் ஆட்கள் ஒவ்வொருவராக வெறி பிடித்துக் கொலை செய்கிறார்கள். மலையில் ஒரு ஜப்பான்காரர் தனியாக இருக்கிறார், ஊரின் சந்தேகம் அவர் மேல். போலீஸ்காரனின் மகளுக்கும் பிடித்துக்கொள்கிறது. பூசாரியை அழைத்து வருகிறார்கள். கொரியாவில் 'குத்' என்று சொல்கிற சடங்கு. மேளம், தாளம், வண்ண உடை, பலி. உடுக்கை இல்லையே தவிர, நம் ஊரில் எந்த ஆலமரத்தடியிலும் பார்க்கக்கூடிய காட்சி.

அந்த இடத்தில் படம் மூன்று இடங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. இங்கே பூசாரி மரப்பொம்மையில் ஆணி அடிக்கிறான். மலையில் ஜப்பான்காரர் வேறொரு பூசை செய்துகொண்டிருந்தவர் வலியில் சுருண்டு விழுகிறார். வீட்டுக்குள் சிறுமி கதறித் துடிக்கிறாள். வெட்டு, மேளம், வெட்டு, மேளம். நாங்கள் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். பூசாரி அடிக்கிற அடி ஜப்பான்காரர் மேல் விழுகிறது, பேய் இறங்கப் போகிறது, அதனால்தான் பிள்ளைக்கு வலி, இன்னும் நாலு ஆணி அடித்தால் தீர்ந்தது. அப்பன்காரன் பொறுக்க முடியாமல் சடங்கை நிறுத்தப் போகும்போது நூல் மில்காரர் "அடப்பாவி, நிறுத்தாதே" என்று கத்தியேவிட்டார்.

அம்மாயி மட்டும் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். "இவன் ஆணி அடிக்க அடிக்கப் புள்ளைதான சாமி துடிக்குது? அந்த மலைக்காரன எதுக்குப் பாக்கறீங்க? இவன் புள்ள மேலதான் அடிக்கறான்" என்றார். நான் திரும்பி, இல்லைங்க அம்மாயி, அங்கே பாருங்க, அவன் விழறான் என்றேன். "அவன் எங்கியோ விழறான். இவன் காசு வாங்கிட்டு வந்தவன். ஊட்டுக்குள்ள வந்ததும் இவன் கண்ணு எங்க போச்சுன்னு பாத்தியா?"

ஒரு மணி நேரம் கழித்துப் படமும் அதையே சொன்னபோது யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை, வெட்கம்தான். யோசித்துப் பார்த்தால், எங்களை ஏமாற்றியது படத்தொகுப்பு. அடுத்தடுத்து காட்டினால் ஒன்றுக்கொன்று தொடர்பு என்று நம்பப் பழகியிருக்கிறோம். அதைப் பற்றிப் புத்தகம் வேறு படித்திருக்கிறோம். அம்மாயி பார்த்தது மேளத்தையும் ஆணியையும் துடிக்கிற பிள்ளையையும் மட்டும்தான். பூசாரி வீட்டுக்கு வந்து போவதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். யாருடைய வீட்டில், யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து டம்ளர் விதிகள் மாறிவிட்டன, யாரும் தீர்மானம் போடாமலே. சீட்டு எழுதும்போது "இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?" என்பது முதல் கேள்வி. பேச்சு அதிகமுள்ள படம் தானாக விழுந்துவிடுகிறது. சும்மா திடுக்கிட வைக்கிற படமும் விழுந்துவிடுகிறது, ஏனென்றால் அம்மாயி திடுக்கிட மாட்டார், "என்ன கண்ணு, பூனையா?" என்று கேட்டு மானத்தை வாங்குவார். கலைக் கட்சிக்காரர் ஒருவருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஒரே ஒருவருக்காக நல்ல படங்களை ஒதுக்குகிறோம் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அந்தப் படங்களை அவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நியாயம்தான். போன தடவை அம்மாயி வெளியூர் போயிருந்தபோது, சந்தர்ப்பம் கிடைத்ததென்று அவர் விருப்பப்படியே ஒரு படம் போட்டோம். எல்லோரும் சப்டைட்டிலை மனதுக்குள் படித்தோம். பாதியில் அவரே என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றான்னு சொல்லுங்க, கேட்டாத்தான் பார்க்க முடியுது" என்றார்.

இந்த மாதம் 'க்வைடன்'. 1964இல் ஜப்பானிய இயக்குநர் கொபயாஷி எடுத்தது, நாலு பேய்க்கதைகள், மொத்தம் 183 நிமிடம். மாலை ஆறரைக்கே ஆரம்பிக்கலாம், இரண்டு கதைக்கு நடுவில் சாப்பாடு என்று முடிவாயிற்று. வசனம் கொஞ்சம்தான். ஆனால் மூன்றாவது கதையில் ஒரு பாட்டு இருக்கிறது, கடற்போரில் அழிந்துபோன ஒரு குலத்தின் கதையைக் கண் தெரியாத ஒருவன் வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறான், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தப் போரில் செத்தவர்களின் ஆவிகள். அதை எப்படிச் சொல்வது என்று நாலு நாளாக ஒத்திகை பார்க்கிறேன். எங்கள் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதைப் பாட்டின் ராகத்தில் இழுத்தால் சரியாக வரும் போலிருக்கிறது, சிரித்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது.

நேற்று மாடிப்படியில் அம்மாயி பிடித்துக்கொண்டார். என்ன கதை என்று முன்கூட்டியே கேட்பது விதிக்குப் புறம்பு. ஆனால் விதி எங்களுக்குத்தான், அவருக்கில்லை. சுருக்கமாகச் சொன்னேன். ஆவிகள் அவனைக் கொண்டுபோகாமலிருக்க, கோயில் சாமியாரும் சீடனும் அவன் உடம்பு முழுக்க மந்திரத்தை எழுதுகிறார்கள். எழுத்து இருக்கிற இடம் ஆவியின் கண்ணுக்குத் தெரியாது. காதில் மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள். ராத்திரி வந்த ஆவிக்கு இருட்டில் இரண்டு காது மட்டும் தெரிகிறது, பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது.

அம்மாயி கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"எழுதுனவன் படிச்சவன்தான கண்ணு?"

"ஆமாங்க அம்மாயி."

"அப்புறம் எப்படிக் காத உட்டான்?"

சனிக்கிழமை படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். வேட்டித்திரையை வெளுக்கப் போட வேண்டும், சுக்குக் காப்பிக்கு வெல்லம் வாங்க வேண்டும்.